உச்சியில் நிற்கும் பந்தைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் படிக்கிறாள் என்றதில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி மட்டும் போவேனா என்கிறது. இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே, நீ கேட்டதற்குப் பதில் சொல்ல அந்தக் கார்தான் உதவப்போகிறது.

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன்மேல் விசை உண்டா என்று அவள் கேட்டாளாம், நீ இல்லை என்றாயாம். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். விசை இருந்தால்தான் ஓட்டம் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் பெரிய பெரிய அறிஞர்களே நம்பிவந்தார்கள். தள்ளினால் வண்டி நகர்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. கண்ணெதிரே நடப்பதை யார்தான் மறுப்பார்கள்?

ஆனால் விசையின் வேலை திசைவேகத்தை, அதாவது திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகத்தை, தருவதல்ல, இருக்கிற திசைவேகத்தை மாற்றுவது. பந்து கையைவிட்டுக் கிளம்பியபின், காற்றை ஒதுக்கிவிட்டால், அதன்மேல் இருப்பது புவியீர்ப்பு மட்டும்தான். ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதே அளவு, அதே கீழ்த்திசை. ஒவ்வொரு விநாடியும் மேல்நோக்கிய வேகம் விநாடிக்கு 9.8 மீட்டர் குறைந்து சுழியை, அதாவது பூஜ்யத்தை, தொடுகிறது, பிறகு அதே வீதத்தில் கீழ்நோக்கி வளர்கிறது. திசைவேகம் மாறும் இந்த வீதம்தான் முடுக்கம். உச்சியில் முடுக்கமும் சுழி என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? இதை அவளிடம் கேட்டுப் பார், சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

இப்போது காருக்கு வருகிறேன். நேர்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராகப் போகும்போதும் என் கால் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. முடுக்கமோ சுழி. எஞ்சின் தரும் விசையைக் காற்றின் எதிர்ப்பும் உராய்வும் சரிக்குச் சரி தின்றுவிடுகின்றன. கூட்டிக் கழித்தபின் மிஞ்சும் நிகர விசைதான் கணக்கு. அதை நிறையால் வகுத்தால் முடுக்கம். காலை எடுத்துவிட்டால் எதிர்ப்பு மட்டும் மிஞ்சுகிறது, வேகம் மெல்லக் கரைகிறது. தள்ளிவிட்ட வண்டி நிற்பதும் இதனால்தான். விசை இல்லாமல் போனதால் அல்ல, எதிர்விசை ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால்.

வளைவில் திரும்புவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வேகமானியின் முள் 30-இல் அசையாமல் நிற்கும், ஆனாலும் கார் முடுக்கம் அடைந்துகொண்டிருக்கிறது. திசை மாறினாலே திசைவேகம் மாறியதாகத்தான் அர்த்தம். அந்த மாற்றத்துக்கு வேண்டிய விசை வளைவின் உட்பக்கமாக, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்விலிருந்து வருகிறது. வேகம் இருமடங்கானால் அதே வளைவுக்கு நான்கு மடங்கு விசை தேவை. ஈரச் சாலையில் அவ்வளவு உராய்வு எங்கே கிடைக்கும்? கார் வழுக்கி நேராகப் போகப் பார்க்கும். நாம் வெளிப்பக்கம் சாய்வதும் அப்படித்தான். யாரும் நம்மை வெளியே தள்ளுவதில்லை, நம் உடல் நேரே போக முயல்கிறது, கார் திரும்பிவிடுகிறது.

பிரேக்கிலும் இதே இருமடங்கு, நான்கு மடங்கு கதைதான். ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டரில் நிற்கும். 72-இல் போனால் 40 மீட்டர் வேண்டும். பிரேக்கை மிதிக்கும் முன் நாம் சுதாரிக்கும் நேரத்தில் ஓடும் தூரம் தனி. வேகமாகப் போகிறவர்களிடம் அறிவுரை சொல்வதைவிட இந்தக் கணக்கைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

வேகத்தை நம் உடல் உணர்வதே இல்லை, முடுக்கத்தைத்தான் உணர்கிறது. லிஃப்டுக்குள் எடைபார்க்கும் கருவியை வைத்து அவளை ஏறி நிற்கச் சொல். 60 கிலோ காட்டும் ஆள், லிஃப்ட் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் கூடுதல் வேகமெடுத்து மேலே கிளம்பும்போது ஏறக்குறைய 66 காட்டுவார். சீராக ஏறத் தொடங்கியதும் மறுபடி 60. நிற்கப்போகும்போது குறையும். முள் வைத்த பழைய கருவியாக இருந்தால் நல்லது, மின்னணுக் கருவி சில சமயம் ஒரே எண்ணில் பூட்டிக்கொள்ளும்.

பதில் எழுதும்போது அவளிடம் இதையும் கேட்டு எழுது. கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள், நூலில் கட்டிய ஹீலியம் பலூன் ஒன்று மிதக்கிறது. ஓடும் காரில் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்வோம். பலூன் எந்தப் பக்கம் சாயும்? நீ எதுவும் சொல்லிக்கொடுக்காதே. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்