அக்டோபர் மூட்டை வேண்டாம், முதல் ஆண்டுக்கு எட்டுக் கடிதம் போதும்

கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 1 முதியோர் நாளையொட்டி உங்கள் மாணவர்கள் எழுதும் கடிதங்கள் எங்கள் முதியோர் இல்லங்களுக்குக் கட்டுக்கட்டாக வருகின்றன. பாதிக்கு மேல் கரும்பலகையைப் பார்த்து எழுதியவை என்பது இரண்டாவது கடிதத்திலேயே தெரிந்துவிடும். அன்று மாலை கூடம் களைகட்டும், உண்மைதான். நவம்பரில் முதியவர்கள் “அந்தப் பிள்ளை மறுபடி எழுதலையா?” என்று கேட்பார்கள். எங்களிடம் பதில் இருக்காது.

முன்பின் அறியாதவரின் அன்பான கடிதம் மனதுக்குத் தெம்பு தரும். ஆனால் அது தொடர்ந்து வரவேண்டும், பதிலுக்கு எதையும் கேட்கக் கூடாது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ தொடங்கிய ஆய்வை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு, தொடர்சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்தாண்டுகளில் 24 கடிதங்கள் போயின: நான்கு மாதம் மாதந்தோறும், அடுத்த எட்டு மாதம் இரு மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில் சில வரிகள்தான். வாசகம் மட்டும் மாறும். மருந்து சாப்பிட்டீர்களா என்ற விசாரணை கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது.

அவை தட்டச்சுக் கடிதங்கள். பெற்றவர்கள் முதியோர் இல்லவாசிகள் அல்லர். நியூசிலாந்தில் அஞ்சலட்டைகளோடு இதைப் போன்ற முயற்சி நடந்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே கடிதத்தை மருந்தாக எண்ண வேண்டாம். அந்தக் கால இடைவெளியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: முதல் ஆண்டில் எட்டுக் கடிதம். ஒன்றுக்கு அரைமணி என்றால் நான்கு மணி நேரம். மாணவர் திட்டப் பணிக்கு ஆண்டுக்குக் கொடுக்க வேண்டிய 120 மணி நேரத்தில் இது எம்மாத்திரம்!

முதலில் இல்லத்திடம் பெயர்ப்பட்டியல் கேளுங்கள். சம்மதித்தவர்கள் மட்டும் அதில் இருப்பார்கள். ஒருவருக்கு ஒரு மாணவர். நாற்பது பேருக்கு முப்பது மாணவர்தான் இருந்தால் கடிதமே அனுப்ப வேண்டாம். கடிதம் கிடைக்காத பத்துப் பேரின் முகத்தைப் பார்ப்பது எங்கள் வேலையாகிவிடும்.

கோடு போட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி, கறுப்புப் பால்பாயிண்டில், ஒரு பக்கம் மட்டும். ஜெல் பேனா ஈரக்கை பட்டால் கரையும். மறுபக்கமும் எழுதினால் மை தெரிந்து, கண்புரை உள்ளவருக்கு எழுத்து குழம்பும். இன்லேண்ட் வேண்டாம், நடுங்கும் கை பிரிக்கையில் ஓரத்து வரிகளும் சேர்ந்து கிழியும். அஞ்சலட்டையை ஊரே படிக்கும். ஏ4 தாள் ஏறத்தாழ ஐந்து கிராம்தான். இரண்டு தாளும் உறையும் 20 கிராமுக்குள் அடங்கும். சார்ட் அட்டை, ஜிகினா என்று ஒட்டினால் எடை கூடி, குறையும் கட்டணம் இருமடங்காகி, கடிதம் பெறுபவர் தலையில் விழும்.

“அன்புள்ள அம்மா”, “மதிப்பிற்குரிய ஐயா” போதும். பேரப்பிள்ளையைப் பார்த்துப் பல வருடமானவரைப் ‘பாட்டி’ என்று அழைப்பது சில சமயம் குத்தும். பிள்ளைகள் கைவிட்டதைப் பற்றியோ “சீக்கிரம் குணமாகுங்கள்” என்றோ எழுத வேண்டாம். “நேரில் வருகிறேன்” என்பது இன்னும் மோசம், வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். விடுதிச் சாம்பார், பேருந்தில் நடந்த சண்டை, மழையில் நனைந்த பரீட்சை நோட்டு: இவற்றைத்தான் பக்கத்துக் கட்டிலுக்கும் படித்துக் காட்டுகிறார்கள். கடைசியில் எளிதாகப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி இருக்கலாம். பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தில் அதைக் குறிப்பிட வேண்டாம்.

அனுப்புநர் முகவரி கல்லூரியுடையதாக இருக்கட்டும். வீட்டு முகவரி, கைபேசி எண், பண உதவிப் பேச்சு எதுவும் கூடாது. படிக்க முடியாதவர்களுக்கு நாங்கள் வாசித்துக் காட்டுவோம். பதில் சொன்னால் எழுதியும் தருவோம்.

மாணவர் படிப்பு முடிந்து போகும்போது, இனி எழுத இயலாது என்று சொல்லி, அடுத்து எழுதப்போகிற இளையவரின் பெயரையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வரவேண்டும். இங்கே ஒருவர் காலமானால் அன்றே உங்களுக்குத் தெரிவிப்போம்; அதை மாணவரிடம் நீங்கள் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

இப்படிக்கு,
முதியோர் இல்லப் பணியாளர்கள்