மலைப்பாம்புக்கு வந்த வண்டி நத்தைக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

களக்காடு பக்கத்து வாழை விவசாயி எழுதுவது. எந்தத் துறை என்று குறிப்பிடவில்லை. எங்கள் மனுவை வாங்கி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் தோப்பில் மலைப்பாம்பு கிடக்கிறதென்று சொன்னதும் வண்டி வந்தது, ஆள் வந்தது, சாக்கில் பதமாகப் பிடித்து மலையடிவாரத்தில் விட்டாயிற்று. சந்தோஷம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிற உயிர். எலியைத் தின்று எங்களுக்கு உபகாரம்தான் செய்கிறது. ஒரு வாழைக்கன்றை அது தொட்டதில்லை.

தொடுவது ஆப்பிரிக்க நத்தை. மழை வெறித்த ராத்திரியில் டார்ச் அடித்துப் பாருங்கள். விரியாத ஏத்தன் வாழைக் குருத்தில் நாலைந்து ஒட்டிக்கொண்டு, அரம் போட்டது மாதிரி சுரண்டிக்கொண்டிருக்கும். விடிந்தால் ஒன்றும் இருக்காது, சளி காய்ந்த தடம் மட்டும் மினுங்கும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்று மோட்டார் ரூம் சுவரையும் நக்குகிறது. 1847-இல் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட சனியன், இன்று எங்கள் வயக்காட்டில்.

போனில் கேட்டால் "உப்பு தூவுங்க" என்கிறீர்கள். உப்பைக் கொட்டின மண்ணில் வாழையா வரும்? உப்பளம் தூத்துக்குடிக்காரர்கள் பாடு, எங்களுக்கு எதற்கு?

ஈரச்சாக்கு விரித்து, பப்பாளி இலை போட்டு, கையுறை மாட்டிப் பொறுக்கத்தான் செய்கிறோம். வெறுங்கையால் தொட்டால் அதிலிருக்கும் புழு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகலாம் என்பதால் பிள்ளைகளை வரப்பில் விடுவதில்லை. ஆனால் ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பு, ஒரு ஈட்டுக்கு நூறு முட்டைக்கு மேல். என் வயலைத் துடைத்தாலும் மறுராத்திரி கால்வாய்க்கரைப் புதரிலிருந்து இறங்கி வருகிறது. அந்தக் கரை என் பட்டாவில் இல்லை ஐயா, சர்க்கார் புறம்போக்கு. அதனால்தான் கேட்கிறோம்: கரையையும் சேர்த்து, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நத்தை பிடிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பன்றி மேய்ந்தால் நஷ்டஈட்டுக்கு மனு உண்டு. நத்தைக்கு எந்தப் படிவம் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். பத்தடி நீளம் வளர்ந்தால்தான் வருவீர்களோ, கூடவே போட்டோ எடுக்கிறவரும்? உரவிலையும் தார்விலையும் பேச ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது, விடுங்கள்.

கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விடும், தேடினாலும் கிடைக்காது. வெளியே வருகிற ஐப்பசி, கார்த்திகையிலேயே கரையும் வயலுமாகச் சேர்த்துப் பிடிக்க ஆள் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சாக்கும் வாளியும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி