சம்பளக் கணக்கு உதவி மையத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

சுங்கை சிப்புட் வட்டார மக்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). டன் கணக்கில் செம்பனைக் குலை வெட்டுபவருக்கும் இது உண்டு. சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. சட்டம் இப்படிச் சொல்கிறது, சரி. ஆனால் குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் பலருக்குச் சம்பளச் சீட்டே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எதற்கென்று தெரியாத ‘பொத்தோங்’ (பிடித்தம்) அதில் ஒரு வரி. வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி பூட்டி வைப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்றால் நம்பக்கூட மாட்டேன் என்கிறார்கள்.

ஞாயிறுதோறும் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் வந்து, எங்களோடு உட்கார்ந்து இவர்களின் வேலை நேரத்தையும் வரவேண்டிய பாக்கியையும் எழுதித் தருகிறார்கள். அந்தத் தாளோடு லேபர் ஆபீசுக்கு உடன் போவது எங்கள் பொறுப்பு. பெயர்களை நீக்கிவிட்டு, அதே விவரங்களை விரிவுரையாளர்கள் ஆய்வறிக்கையாகத் தொகுக்கிறார்கள்.

ஆய்வு எதற்கு, புகார் போதாதா என்று கேட்கிறார்கள். புகாரால் ஒருவருக்குப் பணம் வரும், வழக்கம் மாறாது. அமெரிக்காவில் மூன்று பெருநகரங்களில் 4,387 தொழிலாளர்களைப் பேட்டி கண்ட ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு முந்தைய வாரம் குறைந்தபட்சச் சம்பளம்கூடக் கிடைக்கவில்லை. மறு ஆண்டே நியூயார்க் மாநிலம் சம்பளத் திருட்டுத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. ‘பாவம் ஏழைகள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் யார் காதில் விழும்? எண்ணிக்கையோடு போனால்தான் பேச்சு எடுபடும்.

அந்நியத் தொழிலாளிக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்ற முணுமுணுப்பும் காதில் விழுகிறது. அவனுக்குக் குறைத்துக் கொடுத்துத் தப்பிக்க முடிகிற முதலாளி நம் பிள்ளைக்கு மட்டும் முழுச் சம்பளம் தருவாரா? நம் தாத்தா பாட்டிகளும் கடனோடு கப்பலேறி வந்தவர்கள்தானே. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் அமைச்சராக இருந்த நம்ம ஊர் துன் சம்பந்தன் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களை வாங்கினார்கள்.

நமக்கு இப்போது தேவை ஓராண்டுக்கு 12,000 வெள்ளி. பாதிக்கு மேல் கடைவீட்டு மாடி அறையின் வாடகைக்கே போய்விடும். மீதி, தமிழ், மலாய், வங்காளம், நேபாளி மொழிகளில் படிவம் அச்சிடவும், மொழிபெயர்ப்பவர்களின் பஸ் செலவுக்கும், மாணவர்களின் மதியச் சாப்பாட்டுக்கும். பழைய லேப்டாப், பிரிண்டர் இருந்தாலும் கொடுங்கள்.

பத்து வெள்ளியானாலும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவு மாதாமாதம் மைய வாசலில் ஒட்டப்படும். அப்புறம் ஒன்று: எங்களிடம் புகார் உள்ள முதலாளிகளின் பணம் எவ்வளவு பெரிய தொகையானாலும் வாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
மையக் குழுவினர்