தென்னை வெள்ளை ஈ: மருந்து அடிக்கும் முன் கவனிக்கவும்

குழு உறவுகளுக்கு வணக்கம். கீழ்மட்டை கறுத்துப் போச்சு, என்ன மருந்து அடிக்கலாம் என்று நாலைந்து பேர் படம் போட்டிருக்கிறீர்கள். அது சுருள் வெள்ளை ஈதான், 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டதே, அதேதான். மேலே படியும் கருப்பு, ஈ கழிக்கும் தேன் போன்ற கழிவில் வளரும் பூசணம். மரம் இதனால் பட்டுப்போகாது, பதற வேண்டாம்.

கடைக்காரர் சொல்கிறார் என்று விஷ மருந்தை அடித்துவிடாதீர்கள். ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, முடிந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளை மாவுக்கு நடுவே கறுத்த கூட்டுப்புழுக்கள் இருந்தால், இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி உள்ளே முட்டை வைத்துவிட்டது என்று அர்த்தம். மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். அப்புறம் ஈ இரட்டிப்பாகத் திரும்பும். குளவி உள்ள ஓலைத் துண்டு கிடைத்தால் இல்லாத தோப்பில் கட்டிவிடலாம்.

மஞ்சள் பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஆள் உயரத்தில் கட்டுங்கள்; ஈக்கள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். தூசி படிந்தால் துடைத்து மறுபடி தடவ வேண்டும்; பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, வடிகட்டி, ஓலை மேல் தெளித்தால் வெயிலில் காய்ந்து செதிலாக உதிரும். மழை மூட்டம் இருந்தால் தெளிக்காதீர்கள், வீண்.

இனி படம் போடுபவர்கள் ஓலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் போடவும்.