இன்னும் ஒரு வாய்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எங்கள் காப்பகத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சளி. பதினொன்றாவது ஆள் நான். இப்போது தேவலை.

நீயும் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்கப்போகிறாய் என்று படித்ததும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? என்னென்ன உணவு கொடுக்கலாம் என்று பட்டியல் கேட்டிருந்தாய். பட்டியல் போடுவது சுலபமடி. நான் தடுக்கி விழுந்ததெல்லாம் அதைப் பரிமாறிய பிறகுதான்.

வந்த புதிதில் நான் சரியான ‘இன்னும் ஒரு வாய்’ ஆசாமி. தட்டு காலியானால்தான் நிம்மதி. காயைச் சாப்பிட்டால் பிஸ்கட் என்று பேரம் வேறு. காய் கஷ்டப்பட்டு விழுங்கித் தொலைக்க வேண்டிய சமாசாரம், பிஸ்கட்தான் உசத்தி என்று நானே அவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! லியான் பர்ச் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1984இலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் குடிக்க வைத்ததில், அந்தப் பானத்தின் மீதே பிள்ளைகளுக்குப் பிடிப்பு குறைந்துபோனதாம்.

அப்புறம்தான் எலின் சாட்டர் என்ற உணவியலாளரின் கணக்கு கண்ணில் பட்டது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதெல்லாம் பெரியவர் பாடு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பாடு. படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிள்ளை வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போனால் அதன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

சரி, ஒரு மாதம் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். இரண்டரை வயதுக் குட்டி ஒருத்தி. விரல் நீளத்துக்கு நறுக்கிக் குழைய வேகவைத்த கேரட்டைத் தட்டில் கண்டாலே வெளியே தள்ளிவிடுவாள். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி மறுபடி இரண்டே துண்டு வைத்துவந்தோம். ஒரு நாள் அதைத் தண்ணீரில் தோய்த்து மேசையில் கோடு இழுத்தாள். இன்னொரு நாள் நக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பையன் தட்டில் பெருந்தன்மையோடு வைத்தாள். ‘ஆகா, சாப்பிடேன்’ என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என் தட்டிலிருந்த கேரட்டை மென்றேன். பன்னிரண்டாவது தடவையோ என்னவோ, நுனியைக் கடித்து, மென்று, துப்பினாள். அடுத்த வாரம் பாதித் துண்டு உள்ளே போனது. அதற்கு மறுநாள் மறுபடி தள்ளிவிட்டாள், அது வேறு கதை. புது உணவு ஒன்று நாக்குக்குப் பழக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். நாமோ மூன்றாம் நாளே ‘இவளுக்குக் கேரட் ஆகாது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

திராட்சையை மட்டும் முழுசாக வைத்துவிடாதே. தொண்டையில் சிக்கிக்கொள்ளும், நீளவாக்கில் நறுக்கிக் கொடு.

ஓடியாடும் விஷயத்தில் என் குட்டு இன்னும் மோசமாக உடைந்தது. 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது அசைந்து ஆட வேண்டும், அதில் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் பிள்ளைகள் சும்மாவா இருக்கிறார்கள் என்ற மிதப்பில் ஒரு நாள் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தேன். வீட்டுக்குக் கிளம்பும்வரை எண்ணியும் 70 நிமிடம் தேறவில்லை! கை கழுவ வரிசை, கழிவறைக்கு வரிசை, கதை கேட்கச் சப்பணம். போதாததற்கு, சேட்டை செய்பவனுக்கு விளையாட்டு கிடையாது என்று தண்டனை. உட்காரவே முடியாமல் தவிப்பவன் அவன், அவனைத்தான் பிடித்து உட்கார வைத்திருந்தோம்.

அந்தத் தண்டனையை அன்றே தூக்கிப் போட்டேன். சாமான் எதுவும் வாங்கவில்லை. மேசைகளைச் சுவரோரம் தள்ளி, தரையில் சாக்பீஸால் வளைந்து வளைந்து ஒரு கோடு. கை கழுவப் போகிறவர்கள் தவளையாகத் தாவிப் போகலாம், நண்டாகப் பக்கவாட்டில் நகரலாம். நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. எங்கள் ஆயாவுக்கு முதலில் பிடிக்கவே இல்லை. போன வாரம் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவரும் நண்டு நடை நடந்தார்.

பெற்றோரைச் சமாளிப்பதுதான் இன்னமும் பெரும்பாடு. தினசரிக் குறிப்பில் ‘முழுவதும் சாப்பிட்டான்’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, ‘இன்று பீன்ஸை முகர்ந்து பார்த்தான்’ என்று எழுதினேன். ஒரு அப்பா நேரில் வந்து, “முகர்ந்து பார்க்கவா காசு கட்டுகிறேன்?” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கவலையும் நியாயம்தானே?

பிறந்தநாள் கேக்குக்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. இந்த மாதம் மட்டும் ஐந்து பிறந்தநாள். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, வாராவாரம் கொடுக்கவும் மனசில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுது. அடுத்த பிறந்தநாள் வெள்ளிக்கிழமை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி