வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளை குழம்புமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எனது பேரனுக்கு இரண்டரை வயது. அவனை முன்பள்ளியொன்றில் சேர்ப்பதற்காகக் கடந்த மாதம் மகளும் மருமகனும் நேர்முகத்துக்குச் சென்றிருந்தனர். பிள்ளை ஒரே வசனத்தில் தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசியதைக் கேட்ட பொறுப்பாசிரியை, "பிள்ளை குழம்பிப் போய் இருக்கிறார், ஒரு வருடத்துக்கு வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் கதையுங்கள்" என்று கூறி அனுப்பினாராம். மகள் அலுவலகத்தில் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவள்தான். ஆயினும் அந்த ஆங்கிலத்தைக் கொண்டு ஒரு குழந்தைக்குச் சோறு தீத்தவும், அடிபட்ட முழங்காலை ஊதித் தேற்றவும், நித்திரைக்கு முன் நரிக்கதை சொல்லவும் அவளால் முடியவில்லை. மூன்று கிழமைக்குள் எங்கள் வீடு மௌனமாகிவிட்டது. முப்பது ஆண்டுகள் ஆரம்ப வகுப்புகளில் கற்பித்தவள் என்ற முறையிலும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே அறிவுரையைப் பெற்ற வேறு பெற்றோரை அறிந்தவள் என்ற முறையிலும், இவ்விடயம் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

பிள்ளை முதற்சொல்லைச் சொல்லும் நாளில்தான் மொழி தொடங்குகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதற்கு முன்பே ஓராண்டுக்கு மேற்பட்ட வேலை நடந்து முடிந்திருக்கும். பிறந்து சில நாட்களேயான சிசுக்கள், தாயின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பியை உறிஞ்சும் முறையையே மாற்றிக்கொள்கின்றன என்பது 1980இல் பரிசோதித்துக் காட்டப்பட்டது. அதைவிட எமக்கு நெருக்கமானது 1984இல் கனடாவில் ஜெனட் வேர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலம் மட்டும் ஒலிக்கும் வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், ஹிந்தியில் நாக்குநுனி பல்லில் பட்டு எழும் ஒலியையும் நாக்கு மேல்நோக்கி வளைந்து எழும் ஒலியையும் பிரித்தறிந்தன. 'பத்து' என்பதற்கும் 'பட்டு' என்பதற்கும் இடையே நாம் கேட்கும் வேறுபாடு அதுவே. அத்தகைய வீட்டுக் குழந்தைகள் பத்து, பன்னிரண்டு மாதங்களை எட்டும்போது அத்திறன் பெரும்பாலும் மங்கிவிடுகிறது, ஏனெனில் அவர்களைச் சூழ்ந்துள்ள எவரும் அவ்வேறுபாட்டைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே முதலாம் பிறந்தநாளுக்கு முன்னரே, தான் வாழும் வீட்டின் ஒலிகளுக்கு ஏற்பச் செவி செதுக்கப்பட்டுவிடுகிறது. கொழும்பில் வளரும் எமது பிள்ளைகளுக்கு இதில் இரட்டை இலாபம் உண்டு. சிங்களத்தில் மலையைக் குறிக்கும் 'கந்த' என்ற சொல்லுக்கும் மரத்தண்டைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே மூக்கொலியின் அளவு மட்டுமே வேறுபடுகிறது. நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழும் எனக்கு அது இன்றும் பிடிபடவில்லை. எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வரும் சிங்களப் பெண்மணியின் மடியில் வளர்ந்த என் பேரனுக்கு அது எளிதாக வாய்த்திருக்கிறது.

இவ்வாறு செவி பழகுவதற்கு ஒலி மட்டும் போதாது, ஆள் வேண்டும். பற்றீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு அமர்வுகளில் நேரிலே விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் தொலைக்காட்சியிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளிடம் எந்தக் கற்றலும் காணப்படவில்லை. ஆங்கிலம் வரட்டும் என்று கையடக்கத் தொலைபேசியில் பாட்டுகளை ஓடவிட்டுச் சோறு ஊட்டும் பழக்கம் எங்கள் தொடர்மாடிகளில் பெருகியுள்ளதால் இதை எழுதுகிறேன். தொரன்டோவிலுள்ள அப்பம்மா வட்ஸ்அப்பில் நேரடியாக முகம் பார்த்துக் கதைப்பது இதில் சேராது. பிள்ளை சொன்னதற்கு உடனுக்குடன் பதில் தரும் காணொளி உரையாடலில் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொள்வதாகவும், முன்கூட்டியே பதிவுசெய்த காணொளியில் அவ்வாறு கற்பதில்லை என்றும் 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முக்கியமானது அந்தப் பதில்தான்.

எம் முன்னோர் இதை ஆய்வுகூடத்தில் அறியவில்லை என்றாலும், பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரையில் 'கீர்' என்பது சொல்லைக் குறிக்கும் என்று விளக்குவாரும் உளர். குழந்தை பொருளற்ற ஒலிகளை எழுப்பி விளையாடும் காலமும் ஏறத்தாழ அதுவே. பதினைந்தாம் மாதத்துக்குரிய அம்புலிப் பருவத்தில் தாய் நிலாவைச் சுட்டி, பிள்ளையுடன் விளையாட வருமாறு அதனை அழைக்கிறாள். ஒருவர் சுட்டும் விரலைவிட்டு, அவ்விரல் காட்டும் பொருளை நோக்கும் ஆற்றல் பிள்ளைக்கு ஓராண்டு நிறைவை ஒட்டி உருவாகிறது. இருவரும் ஒரே பொருளைப் பார்க்கையில் ஒருவர் அதன் பெயரைச் சொல்வதே சொற்களஞ்சியத்தின் தொடக்கம். மொட்டைமாடியில் நின்று நிலாவைக் காட்டும் தாய் அந்த வேலையைத்தான் செய்கிறாள். அவள் ஆங்கிலச் சொல்லைத் தேடித் தடுமாறும் கணத்தில் பிள்ளையின் பார்வை வேறெங்கோ போய்விடும்.

சிந்தனை பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சு வருமுன்னரே குழந்தை சிந்திக்கிறது. மறைக்கப்பட்ட பொருள் தொடர்ந்து இருக்கிறது என்பதை ஐந்து மாதக் குழந்தையே உணர்வதாக 1985இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் மூன்று, நான்கு வயதில் பிள்ளை தனியே விளையாடும்போது, "இதை இங்க வைப்பம், ஐயோ விழுந்திட்டுது, இனிப் பெரிசை வைப்பம்" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். இப்பேச்சு முதிர்ச்சியின்மையின் அடையாளம், காலப்போக்கில் மறைந்துவிடும் என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே கருதினார். உருசிய அறிஞர் வைகோட்ஸ்கியோ, வேலை கடினமாகும்போது அப்பேச்சு அதிகரிப்பதைக் கண்டு, அது மறைவதில்லை, உள்ளே சென்று மௌனச் சிந்தனையாகிறது என்று விளக்கினார். வகுப்பறையில் நான் கண்டவரை வைகோட்ஸ்கி சொன்னதே சரி. அப்படியானால், ஒரு பிள்ளை தனக்குத்தானே வழிகாட்டிக்கொள்ள நிறையச் சொற்களுள்ள மொழி தேவை. தாய் இருபது கட்டளை வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்ளும் அரைகுறை ஆங்கிலம் அதற்கு எப்படிப் போதும்?

இனி, குழப்பம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒன்றரை வயதில் என் பேரன் வீதியில் நின்ற நாயைக் காட்டிப் "பல்லா" என்றபோது, நான் அவன் பல்லைத்தான் பார்த்தேன்! நாய்க்கு அவன் சிங்களச் சொல்லைச் சொன்னான் என்பது பிறகே விளங்கியது. இப்போது அவன் அந்தப் பெண்மணியிடம் 'பல்லா' என்றும் என்னிடம் 'நாய்' என்றும் சொல்கிறான். "வத்துர தாங்கோ" என்று கேட்கும்போது தண்ணீரைச் சிங்களத்திலும் கேட்பதைத் தமிழிலும் சொன்னாலும், தமிழ் வினைச்சொல்லைத் தமிழ் முறைப்படி இறுதியில்தான் வைக்கிறான். குழம்பியவன் இதைச் செய்யமாட்டான், கைவசமுள்ள சொல்லை எடுத்துப் பயன்படுத்துபவனே செய்வான். பெரியவர்களாகிய நாமும் "பஸ்ஸில போய் பாங்கில டிபொசிற் பண்ணினன்" என்று சொல்பவர்கள்தானே. இருமொழிப் பிள்ளையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தோன்றும். எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணினால் அக்குறை பெரும்பாலும் மறைந்துவிடும்.

உண்மையாகவே பேச்சுப் பிந்தும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இந்த அறிவுரையால் அதிகம் பாதிக்கப்படுபவர்களும் அவர்களே. பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலிகளோ சுட்டிக்காட்டுதலோ இல்லையென்றால், பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால், எந்த வயதிலும் இருந்த பேச்சை இழந்தால், பெற்றோர் காத்திருக்கக் கூடாது. முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும், அடுத்துப் பேச்சு மொழிச் சிகிச்சையாளரைக் காண வேண்டும். பல மொழிகளைக் கேட்டு வளர்வது இத்தகைய தாமதத்துக்குக் காரணமாவதில்லை. "வீட்டில் மூன்று பாஷை, அதுதான்" என்று சொல்லி ஓராண்டைக் கடத்தினால், காதில் இருக்கக்கூடிய குறைபாடு அந்த ஓராண்டும் கவனிக்கப்படாமலே கிடக்கும்.

பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதற்கு நான் எதிரானவள் அல்லள். முன்பள்ளியில் நன்றாக ஆங்கிலம் பேசும் ஆசிரியை அதைக் கற்பிக்கட்டும், அதற்காகத்தானே கட்டணம் செலுத்துகிறோம். நேர்முகத்தில் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிப்பதற்குப் பதிலாக, "வீட்டில் பிள்ளையோடு யார், எந்த மொழியில், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் கதைக்கிறீர்கள்?" என்று முன்பள்ளி நிர்வாகங்கள் பெற்றோரிடம் கேட்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். என் மகள் அந்த அறிவுரையைக் கைவிட்டு இரண்டு கிழமைகள் ஆகின்றன. நேற்றிரவு நரிக்கதை மூன்று முறை சொல்லப்பட்டது, மூன்றாம் முறை நரியாகப் பேசியவன் பேரன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.