கேக் தின்னாமலே கேக் செய்து தந்தவர்களுக்கு

முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கும், ஒழுங்கைக்கு வெளியே இருந்தும் வந்து மாட்டுப்பட்டவர்களுக்கும்,

வணக்கம். நத்தார் முடிந்து, பலகார ரின்களின் அடியில் தூள் மட்டும் கிடக்கிறது. இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இடையிடையே என் சொந்தக் கருத்தும் வரும், அதற்கு அம்மா பொறுப்பில்லை. பேர் போட வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. எங்கள் ஊரில் அடையாளம் சொன்னாலே பேர் தன்பாட்டில் தெரிந்துவிடும்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். மாரி மழையில் பாசி பிடித்த கிணற்றடியில் அம்மா வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டில் எலும்பு வெடித்து மாவுக்கட்டுப் போட்டார்கள். தைப்பொங்கலுக்குக் கிட்டத்தான் அவிழ்க்கலாம் என்றார் வைத்தியர். அம்மா கையைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறே வெட்டிப் பிரண்டியில் ஊறப்போட்ட பழங்கள் அலுமாரிக்குள் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் திரும்பும்போதே "அந்தப் போத்தலை இனி யார் கிளறுவது?" என்றுதான் கேட்டாராம்.

எனக்கு வேலை வவுனியாவில். தம்பி கனடாவில். அப்பாவுக்கு அடுப்படியில் தெரிந்தது தேத்தண்ணி மட்டும். இந்த நிலைமையில் எங்கள் வீட்டு நத்தார் கடைக் கேக்கும் பைக்கற் முறுக்குமாகத்தான் போயிருக்க வேண்டும். அப்படிப் போகாமல் காப்பாற்றியவர்களில் பாதிப் பேர் தாங்கள் செய்து தந்ததை வாயில் வைக்க முடியாதவர்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. ஒருவர் முட்டை தொடமாட்டார். ஒருவர் பிரண்டி இருக்கிற பக்கமே வரமாட்டார். இன்னொருவருக்குச் சீனி வருத்தம். இவர்களை வைத்துக்கொண்டுதான் முட்டையும் பிரண்டியும் சீனியும் அள்ளிப் போட்ட றிச் கேக் எங்கள் வீட்டில் செய்யப்பட்டது.

முன்வீட்டு அன்ரி, முதல் நன்றி உங்களுக்கு. பிள்ளையார் பெருங்கதை விரதம் நடக்கிற நேரம். 21 இழை நூல்காப்பு கையில் இருக்க, ஒருநேரச் சாப்பாட்டோடு நீங்கள் வந்து எங்கள் அடுப்படியைப் பொறுப்பெடுத்தீர்கள். பட்டரையும் சீனியையும் குழைத்து வெள்ளையாக்கும் வரைக்கும் நீங்கள்தான். முட்டைத் தட்டு வருகிறது என்றதும் அகப்பையை வைத்துவிட்டு எழுந்து போய் மாமரத்தடியில் நிற்பீர்கள். அங்கிருந்தே "ஒன்றொன்றாய் விடு, மொத்தமாய் ஊத்தாதே" என்று உங்கள் மகனுக்கு உத்தரவு வரும். முட்டையே சாப்பிடாத ஒருவருக்கு முட்டை திரையாமல் கலக்கிற வித்தை எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டதற்கு, "முப்பது வருசமாய் உங்கள் வீட்டு ஜன்னலுக்கால் பார்க்கிறன்தானே" என்றீர்கள். அந்தப் பதிலை அம்மா இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டார் தெரியுமா?

உங்கள் மகனுக்கும் நன்றி. எங்கள் அப்பம்மாவின் கணக்கு ஒரு இறாத்தல் ரவைக்கு 25 மஞ்சள் கரு. வெள்ளைக் கருவில் கொஞ்சத்தை மட்டும் நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்ப்போம். மிச்சம் ஒரு பெரிய கோப்பை நிறைய நின்றது. அதை வீணாக்காமல், உடம்பை ஏற்றுகிறேன் என்று வேலியடியில் பாரம் தூக்கிக்கொண்டு நிற்கும் தன் கூட்டாளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். அந்தக் கூட்டாளி அதைப் பச்சையாகவே குடித்ததாகக் கேள்வி. அவருக்கும் நன்றி, கவனம் தம்பி.

றிச் கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பியின் கனடாக் கூட்டாளிகள் வட்ஸ்அப் வீடியோவில் பார்த்துவிட்டு, கோதுமை மா எங்கே என்று கேட்டார்களாம். மா கிடையாது. வறுத்த ரவை, பொடியாக வெட்டின கஜு, பிளம்ஸ், பேரீச்சம்பழம், பாகில் போட்ட இஞ்சியும் நீற்றுப்பூசணியும், ஏலம், கறுவா, கராம்பு, பன்னீர், தேன். மற்ற வீடுகளில் இதோடு செரிப்பழமும் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் பப்பாசி. கொழும்பில் இருந்து வருகிற சொந்தக்காரர் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். 1990க்குப் பிறகு வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். டோர்ச் பற்றரியே வராத இடத்துக்குச் செரிப்பழம் எங்கே வரும்? அப்பம்மா செங்காய்ப் பப்பாசியைச் சதுரம் சதுரமாக வெட்டி, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, பாகில் காய்ச்சி, பீற்றூட் சாறு விட்டுச் சிவப்பாக்கிவிடுவாராம். அவண் இல்லாத குறைக்கும் வழி கண்டுபிடித்தார். பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் கேக் ரின்னை இறக்கி, தகரத்தால் மூடி, தகரத்துக்கு மேலே சிரட்டைத் தணல். மேலும் கீழும் சூடு. இப்போது முல்லைத்தீவுக் கடைகளிலேயே செரி வாங்கலாம். வாங்கிப் போட்டும் பார்த்தோம். யாருக்கும் பிடிக்கவில்லை. பப்பாசி இல்லாத கேக் எங்களுக்கு நத்தார்க் கேக் மாதிரித் தெரிவதில்லை. இந்தமுறை பப்பாசிக்காய் தந்தது வட்டாப்பளைப் பக்கத்து ஆச்சி. அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் பையோடு இறக்கிவிட்டுப் போனார். நன்றி ஆச்சி. மரம் அடுத்த மாரிக்கும் நிற்கட்டும்.

பேக்கரி அண்ணை, உங்களுக்கு நன்றி சொல்லத் தனிக் கடிதம் வேண்டும். பாண் இறக்கின பிறகு போறணையில் நிற்கிற சூட்டில்தான் றிச் கேக் சரியாக வேகும் என்பதை ஊரில் பல பேர் மறந்துவிட்டார்கள். வீட்டு அவணில் மேல் கருகி நடு ஈரமாக நிற்கும். உங்கள் போறணையில் மெல்ல மெல்ல, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் ஒழுங்கை முழுக்க ரின்களைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தது. அதற்குப் பிறகு காஸ் வந்தும் நாங்கள் திரும்பிப் போகவில்லை. நத்தார்க் கிழமையில் உங்கள் பேக்கரிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இருபது வீட்டு ரின், ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம். ஒருவர் சாக்குத் துண்டு கட்டியிருப்பார், ஒருவர் ஆணியால் எழுத்துக் கீறியிருப்பார். எங்களுடையது பழைய பிஸ்கட் ரின், மூடியில் யானைப் படம். காசு வாங்க மறுத்துவிட்டீர்கள், சரி. கேக்கில் ஒரு துண்டாவது என்று நீட்டினால், சீனி வருத்தம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள். அப்புறம் எப்படி நன்றி சொல்வது? அம்மா யோசித்து உங்களுக்கு இறால் வடை அனுப்பினார். நந்திக்கடல் இறால்தான்.

நீராவிப்பிட்டி நானா கதை இன்னும் சுவாரசியம். பன்னீரும் பேரீச்சம்பழமும் எப்போதும் அவருடைய கடையில்தான். இந்தமுறை அம்மா வர முடியாது என்று கேள்விப்பட்டுத் தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். கறுவாவைக்கூட இடித்து, சலித்து. "இதுக்குள்ளே பிரண்டி போகும் எண்டு எனக்குத் தெரியும், நான் தெரியாத மாதிரி இருக்கிறன்" என்று சிரித்தார். அதைக் கேட்டபின் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. வேறாகப் பழம் வெட்டித் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்து, நானா வீட்டுக்கு ஒரு கேக். அதைப் பார்த்ததும், முன்வீட்டு அன்ரிக்கு மட்டும் ஒன்றுமில்லையா என்ற கேள்வி வந்தது. ரின்பால் விட்டு முட்டையில்லாமல் இன்னொன்று. ஆகக் கடைசியில், கை உடைந்த வருசத்தில் எங்கள் வீட்டில் வழக்கத்தை விட இரண்டு கேக் அதிகம். இதில் தர்க்கம் தேடாதீர்கள்.

எண்ணெய்ப் பலகாரங்களை மூலைவீட்டு மாமி எடுத்துக்கொண்டார். பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், சிப்பி, கொக்கிசு. என்னைக் கேட்டால் நத்தாருக்குக் கேக்கை விடப் பயத்தம் பணியாரம்தான் ராஜா, ஆனால் இதை வீட்டில் சொன்னால் சண்டை. கொக்கிசு மட்டும் மாமியைக் கொஞ்சம் அலைக்கழித்தது. அச்சை எண்ணெய்க்குள் நன்றாகச் சூடாக்காவிட்டால் மா பிடிக்காது. முழுவதும் முக்கிவிட்டால் மேலால் மூடிக்கொண்டு கழராது. முக்கால்வாசிதான் மாவுக்குள் இறங்க வேண்டும். கதிரையில் கட்டுக்கையோடு இருந்தபடி அம்மா இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமி ஒரு கட்டத்தில், "அக்கா, உங்களுக்குக் கைதானே உடைந்தது, வாய்க்கு ஒண்டும் நடக்கேல்லையே" என்று கேட்டுவிட்டார். அப்பா அதற்கு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

சித்தப்பா வீட்டாருக்கும் நன்றி. வட்டுவாகல் பாலத்தின் மேலால் வெள்ளம் ஓடினபடியால் புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கத்தால் சுற்றி, வைக்கோலும் சவுக்கங்கொப்பும் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சவுக்குத்தான் எங்களுக்கு நத்தார் மரம். பிளாஸ்ரிக் மரத்தை வைத்துவிட்டுப் பஞ்சு ஒட்டிப் பனி என்று சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் வரவில்லை. வெளியே மழை இப்படி ஊத்தும்போது பனிக்கு என்ன அவசரம்?

குடில் கட்டியது ஒழுங்கைப் பிள்ளைகள். சீமெந்துப் பையைக் கசக்கி மலை, சிரட்டையில் நெல் முளைக்கவிட்டு வயல். 1223இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ்கு குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினாராம். இதைக் கோயிலில் கேட்டுவிட்டு வந்த சின்னவர்களுக்கு உயிருள்ள மிருகம் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கழுதைக்கு மன்னாருக்குப் போக வேண்டும். ஆட்டுக்குட்டி போதும் என்று பின்வீட்டில் இருந்து ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் வயல் முழுவதும் அறுவடை. தாவீதின் ஊரில் ஒரு முளை இல்லை. பின்வீட்டு அண்ணா மன்னிப்புக் கேட்டு, தன் வயலில் இருந்து ஒரு பிடி நாற்றுப் பிடுங்கிக் கொண்டுவந்து நட்டார். அதற்கும் நன்றி, ஆட்டுக்கும் கோபமில்லை.

கரோல் வந்த பெடியளுக்கு: உழவு மெசின் பெட்டியில் ஜெனரேற்றரையும் வைத்துக்கொண்டு அந்த மழையில் பாடியது பெரிய வேலைதான். நத்தார் பாப்பாவின் தாடி நனைந்து கழுத்தில் தொங்கியதையும், எங்கள் நாய் அவரை மதில்வரை துரத்தியதையும் வீடியோ எடுத்த ஆள் அதை அழித்துவிட்டதாகச் சொல்கிறார். நம்புகிறோம். அம்மாவுக்காக ஒரு பாட்டு அதிகம் பாடினீர்கள், அதை மறக்கமாட்டோம். அந்தச் சிவப்புச் சட்டையை ஒளிவிழா முடிந்த கையோடு பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துத் தந்த ரீச்சருக்கும் நன்றி.

இரவுப் பூசைக்கு முல்லைத்தீவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், முடியும் வரைக்கும் வாசலில் நின்று கூட்டிவந்த ஓட்டோத் தம்பி, நீ அன்றைக்கு வேறு வாடகை ஒன்றும் ஓடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் பாணும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட வரச் சொன்னோம், வந்தாய். அந்தளவில் சந்தோசம்.

மதியம் முன்வீட்டிலிருந்து பெருங்கதை மோதகம் வந்தது. எங்கள் கேக் தட்டு அங்கே போனது. தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று அவர்கள் அதில் சீனி வைத்து அனுப்ப, நாங்கள் அவர்களுடைய தட்டில் சிப்பி வைத்து அனுப்ப, இரண்டு தட்டும் பொழுதுபடும்வரை வீதியைக் கடந்துகொண்டே இருந்தன.

26ஆம் திகதி காலையில் அம்மாவைக் கடற்கரைக்கு நினைவு வழிபாட்டுக்குக் கூட்டிப்போனவர்களுக்கும் நன்றி. 2004 சுனாமியில் அந்தக் கடலோடு போனவர்களில் எங்கள் பெரியம்மா வீட்டாரும் உண்டு. முல்லைத்தீவுப் பக்கத்து வீடுகளில் 25 இரவோடு வெடிச் சத்தம் ஏன் நிற்கிறது என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. அம்மா பெரியம்மாவுக்குப் பிடித்த அரியதரத்தைப் பொதி பண்ணிக் கொண்டுபோனார். மூலைவீட்டு மாமி சுட்டதுதான், மாமிக்கு இது தெரிய வேண்டும்.

இனி வேலை விஷயம். எங்கள் வீட்டில் உங்களுடைய சாமான்கள் நிறைய நிற்கின்றன. பெரிய தாச்சி மூலைவீட்டு மாமியுடையது, அப்பா கொண்டுவந்து தருவார். முறுக்கு உரல் இரண்டு நிற்கிறது, ஒன்றுதான் எங்களுடையது, எது என்று அம்மாவுக்கே தெரியவில்லை, வந்து பார்த்து எடுங்கள். அரிதட்டும் பச்சை மூடி வாளியும் யாருடையதோ. வாளியை ஒருவரும் கேட்காவிட்டால் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் பின்வீட்டு அண்ணாவுக்குக் கொடுத்துவிடுவோம். பொங்கலுக்கு அன்ரி வீட்டு முற்றத்தில் கோலம் போட நான் வருகிறேன். அம்மா கட்டு அவிழ்த்தாலும் அவிழ்க்காவிட்டாலும் கதிரையோடு வருவார் என்பதை மாமிக்கு முன்கூட்டியே அறியத் தருகிறோம்.

அன்போடு,
யானை மூடி ரின் வீட்டார்